புதிய தொழிலுக்குப் பெரிய கார் தேவையா?
லீசிங் பற்றிச் சிந்திக்க ஒரு பாடம்

தொழில் தொடங்கி ஓராண்டு, ஈராண்டு ஆன இளைஞர்கள் தொழிற் பயிற்சிக் கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்கின்ற கேள்வி ஒன்று உண்டு. "லீசிங்கில் ஒரு நல்ல கார் எடுத்தால் தொழிலுக்கு உதவியாக இருக்கும்தானே?" என்பதே அது. கேட்பவர் பெரும்பாலும் பதிலையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். ஓம் என்று நாம் சொல்ல வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

இக்கேள்வியை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஊருக்கு இரண்டு பஸ் மட்டும் வந்துபோகின்ற இடங்களில் வாகனம் என்பது ஒரு தேவை. மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்து போகிறவருக்கும், காரில் போய் இறங்குகிறவருக்கும் அலுவலகங்களிலும் கடைகளிலும் கிடைக்கின்ற வரவேற்பு ஒன்றல்ல என்பதும் நாம் அறிந்ததே. ஆயினும், கார் வேண்டும் என்பது ஒரு விடயம். அந்தக் காரைத் தொழில் தாங்குமா என்பது வேறு விடயம். இப்பாடத்தில் இரண்டாவது விடயத்தையே காகிதமும் பேனையுமாக இருந்து பார்க்கப்போகிறோம்.

1. லீசிங் என்றால் என்ன?

2009 ஆம் ஆண்டுக்குப் பின் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா, மட்டக்களப்பு ஆகிய நகரங்களின் பிரதான வீதிகளில் லீசிங் கொம்பனிகள் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டன. உழவு இயந்திரம், முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள், வான் என்று பல்லாயிரம் வாகனங்கள் இவ்வழியே எமது ஊர்களுக்கு வந்தன. அவற்றுள் பல, குடும்பங்களை நிமிர்த்தின. இதை மறுப்பதற்கில்லை. வேறு சில, வாங்கிய வீட்டு முற்றத்திலிருந்தே திருப்பி எடுத்துச் செல்லப்பட்டன.

லீசிங்கைக் கடன் என்று நினைப்பவர் பலர். சட்டப்படி அது குத்தகை. 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்படி, மத்திய வங்கியில் பதிவு செய்யப்பட்ட நிறுவனங்களே இத்தொழிலைச் செய்யலாம். வாகனத்தை விலைகொடுத்து வாங்குவது நிறுவனம். அதைப் பாவிப்பதற்கு நாம் மாதந்தோறும் பணம் கட்டுகிறோம். வாகனப் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று நிறுவனத்தின் பெயரும், பதிவு உரிமையாளர் என்று எமது பெயரும் இருக்கும். கடைசித் தவணை கட்டி, உரிமை மாற்றம் முடியும்வரை வாகனம் எம்முடையதல்ல. தவணை தவறினால் நிறுவனம் வாகனத்தைத் திருப்பி எடுப்பதற்கு வழி இருப்பது இதனால்தான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கின்ற உறவினர்கள், "நாங்களும் லீசுக்குத்தான் கார் வைத்திருக்கிறோம், பயப்படாமல் எடு" என்று சொல்வது வழக்கம். அங்கே வழமையான லீஸ் வேறு வகையானது. சிறிய முற்பணம் கட்டி, மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் ஓடி, காலம் முடிந்ததும் காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்தக் காலத்தில் குறைகின்ற பெறுமதிக்கும் வட்டிக்குமே அவர்கள் பெரும்பாலும் பணம் கட்டுகிறார்கள். இங்கே நாம் எடுக்கின்ற லீசிங்கில் பெரிய முற்பணம் கட்டி, காரின் மீதி விலை முழுவதையும் வட்டியோடு கட்டி முடிக்க வேண்டும். இடையில் விலை இறங்கினால் நட்டம் எமக்கு. சொல் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றல்ல. எனவே, அண்ணனின் அனுபவத்தை வைத்துத் தம்பி முடிவெடுக்கக் கூடாது.

2. ஓர் எடுத்துக்காட்டு

கணக்கை விளங்கிக்கொள்வதற்காக ஒரு சிறு தொழிலைக் கற்பனை செய்வோம். கிளிநொச்சிப் பக்கத்தில் ஓர் இளைஞர் அரிசிமா, மிளகாய்த்தூள், மல்லித்தூள் அரைத்துப் பொதிசெய்து கடைகளுக்குக் கொடுக்கிறார். தொழில் தொடங்கி ஒன்றரை ஆண்டு. பரந்தனிலிருந்து மாங்குளம் வரையும் முல்லைத்தீவுப் பக்கமுமாக முப்பது கடைகள் அவரிடம் பொருள் எடுக்கின்றன. அவருடைய மாதக் கணக்கு பின்வருமாறு என வைத்துக்கொள்வோம்.

மாத விற்பனை: 1,200,000 ரூபா
எல்லாச் செலவும் போக மிச்சம் (நூற்றுக்கு 15): 180,000 ரூபா
வீட்டுச் செலவுக்கு எடுப்பது: 90,000 ரூபா
தொழிலை வளர்க்க எஞ்சுவது: 90,000 ரூபா

பொருள் விநியோகிப்பதற்கு மாதம் எட்டு நாள் ஒரு பட்டா வாகனத்தை வாடகைக்குப் பிடிக்கிறார். நாளுக்கு 6,000 ரூபா வீதம் 48,000 ரூபா. இது மேற்சொன்ன செலவுக்குள் அடங்கிவிட்டது.

இவர் 80 இலட்சம் ரூபா பெறுமதியான ஒரு காரை விரும்புகிறார். நிறுவனம் பாதி விலையைக் கொடுக்கச் சம்மதிக்கிறது. மீதி 40 இலட்சத்தை இவர் தேட வேண்டும். தன் சேமிப்பு 10 இலட்சம், வெளிநாட்டிலுள்ள அண்ணன் அனுப்புவது 20 இலட்சம், அம்மாவின் நகையை அடகு வைத்து 10 இலட்சம். ஐந்தாண்டு, அதாவது 60 தவணை. மாதம் 95,000 ரூபா.

மிச்சம் 90,000 இருக்கிறது, தவணை 95,000, ஐயாயிரம்தானே குறைகிறது, எப்படியும் சமாளிக்கலாம் என்று அவருக்குத் தோன்றுகிறது. ஆனால் காரின் செலவு தவணையோடு முடிவதில்லை.

லீசிங் தவணை: 95,000
முழுக் காப்புறுதி (மாதத்துக்குப் பிரித்தால்): 10,000
சேர்விஸ், டயர், வரிப்பத்திரம், புகைப் பரிசோதனை: 10,000
பெற்றோல்: 20,000
மொத்தம்: 135,000 ரூபா

லீசிங் வாகனத்துக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி போதாது, முழுக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்பதே நிறுவனங்களின் நிபந்தனை. ஆக, மாதம் 45,000 ரூபா துண்டு விழுகிறது. ஆண்டுக்கு 540,000 ரூபா. நகை அடகின் வட்டி இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

இந்த 540,000 எங்கிருந்து வரும்? அரிசியும் செத்தல் மிளகாயும் வாங்க வைத்திருக்கின்ற காசிலிருந்துதான் வரும். இதைத்தான் தொழிற்படு மூலதனம் என்கிறோம். அது குறைந்தால் பொருள் குறையும். பொருள் குறைந்தால் கடைக்காரர் வேறொருவரிடம் எடுப்பார். கார் முற்றத்தில் நிற்க, ஆலை அரை நாள்தான் ஓடும். தொழில் விழுந்த பின் காரணம் தேடுவோர் சந்தையைக் குறை சொல்வார்கள். உண்மையில் தொழிலின் விதைநெல்லைக் கார் தின்றுவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் காரில் மா மூட்டை ஏற்ற முடியாது. பட்டா வாகன வாடகை 48,000 ரூபா அப்படியே தொடரும்.

3. வட்டியைச் சொல்லும் விதம்

"வட்டி வருடத்துக்கு எட்டரை வீதம்தான்" என்று முகவர் சொல்லும்போது அது எந்த எட்டரை என்று கேட்க வேண்டும்.

மேற்சொன்ன கணக்கையே எடுப்போம். 40 இலட்சத்துக்கு எட்டரை வீதப்படி ஓராண்டு வட்டி 340,000 ரூபா. ஐந்தாண்டுக்கு 1,700,000 ரூபா. முதலோடு சேர்த்து 5,700,000 ரூபா. அதை அறுபதால் பிரித்தால் 95,000 ரூபா. இதைத்தான் பிளாட் ரேட் என்கிறார்கள். இதிலுள்ள நுட்பம் என்னவென்றால், நீங்கள் முதலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டிக்கொண்டு வந்தாலும், ஐந்தாவது ஆண்டிலும் முழு 40 இலட்சத்துக்கே வட்டி போடப்படுகிறது.

வங்கிக் கடன்களில் வழமையாக உள்ளதுபோல் குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி கணக்கிட்டால், இதே 95,000 ரூபாத் தவணை ஏறத்தாழ 15 வீத வட்டிக்குச் சமம். எட்டரை என்று கேட்டபோது மலிவாகத் தெரிந்தது. உண்மையில் நாம் கட்டுவது பதினைந்து. ஆகவே இரண்டு இடங்களின் வட்டியை ஒப்பிடும்போது, "குறைந்து செல்லும் மீதிப்படி எத்தனை வீதம்?" என்று இரு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்.

முதலாண்டு முடிவில் இவர் 1,140,000 ரூபா கட்டியிருப்பார். ஆனால் முதலில் குறைந்திருப்பது ஏறத்தாழ 580,000 ரூபா மட்டுமே. மீதி வட்டிக்குப் போய்விட்டது. ஓராண்டு பார்த்துவிட்டு, முடியாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர் இந்தக் கணக்கை மறந்துவிடக் கூடாது. முன்கூட்டி முடிப்பதற்கு நிறுவனம் தனிக் கட்டணமும் கேட்கலாம்.

4. கார் உழைக்குமா?

தொழிலுக்கு வாங்குகின்ற எப்பொருளுக்கும் ஒரே சோதனைதான். அது தன் செலவைத் தானே உழைத்துத் தருமா?

இவருடைய தொழிலில் நூறு ரூபா விற்பனைக்குப் பதினைந்து ரூபா மிஞ்சுகிறது. காரின் மாதச் செலவு 135,000 ரூபா. அதை உழைப்பதற்கு மாதம் 900,000 ரூபாவுக்கு மேலதிக விற்பனை வேண்டும். இன்றைய விற்பனை 1,200,000 ரூபா. அதாவது, கார் வந்த காரணத்தால் மட்டும் விற்பனை முக்கால்வாசி கூட வேண்டும். முப்பது கடை ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று கடையாக வேண்டும். அதுவும் முதல் மாதத்திலிருந்தே.

காரைக் கண்டு புதிதாக எத்தனை கடைக்காரர் மா எடுப்பார்கள்? இதற்கு நேர்மையான பதிலை அந்தந்தத் தொழில் செய்பவரே சொல்ல வேண்டும். பெரும்பாலான கடைக்காரர் பார்ப்பது வேறு விடயங்களை. மா புளிக்காமல் இருக்கிறதா, சொன்ன நாளில் பொருள் வருகிறதா, விற்காத பொதியைத் திருப்பி எடுப்பாரா, இரண்டு கிழமைக் கடன் தருவாரா. இவை நான்கும் காரால் வருவதில்லை. கையில் காசு இருந்தால் வரும்.

5. வழமையாகச் சொல்லப்படும் நியாயங்கள்

"கார் இருந்தால்தான் மதிப்பு."
இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒப்பந்த வேலை எடுப்பவர், வெளிநாட்டிலிருந்து வருவோருக்குக் காணியும் வீடும் காட்டுபவர் போன்றோருக்குத் தோற்றமும் தொழிலின் ஒரு பகுதியே. ஆனால் அந்த மதிப்பு வேண்டிய நாட்கள் மாதத்தில் எத்தனை? இரண்டு நாள் என்றால், அந்த இரண்டு நாளுக்கும் சாரதியோடு ஒரு நல்ல காரை வாடகைக்கு எடுக்கலாம். மாதம் 135,000 ரூபாவை இரண்டு நாளுக்காகச் செலவிடத் தேவையில்லை. அத்துடன், ஊரில் மதிப்பு ஏறுவதைவிட இறங்குவது வேகமானது. கார் வந்த அன்று வாழ்த்தியவர்கள்தான் அது போகும் அன்றும் வேலியோரம் நின்று பார்ப்பார்கள்.

"வாகனம் பொன் மாதிரி, விலை ஏறும்."
கடந்த சில ஆண்டுகள் எமக்குக் கற்றுத்தந்த பிழையான பாடம் இது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் டொலரின் விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. புதிய வாகனம் வராமலும் ரூபாவின் பெறுமதி விழுந்தும் போனதால், ஓடிய வாகனங்கள் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்கு விற்கப்பட்டன. அது அசாதாரணமான காலம். 2025 பெப்ரவரியில் தனிப்பட்ட பாவனைக்குரிய வாகனங்களின் இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. வாகனம் இயல்பாகவே தேய்கின்ற பொருள். ஓட ஓடவும் தேயும், நிற்க நிற்கவும் தேயும். ஒரு பஞ்ச காலத்து விலையை வைத்து ஐந்தாண்டுக் கடமையை ஏற்கலாகாது.

"வருமான வரியில் கழிக்கலாம்."
பட்டணத்துப் பெரிய வியாபாரிகளிடமிருந்து கேட்டுவந்த பேச்சு இது. 2025 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள முறைப்படி, ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்குத் தனிநபர் வருமான வரி இல்லை. அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். எமது எடுத்துக்காட்டில் இளைஞரின் ஆண்டு வருமானம் 2,160,000 ரூபா. வரிக்குரியது 360,000. அவர் கட்ட வேண்டிய முழு வரியும் ஆண்டுக்கு 21,600 ரூபா மட்டுமே. அந்த வரி முழுவதும் இல்லாமற் போனாலும், காரின் ஐந்து நாட் செலவுக்குத்தான் காணும்.

"தவணை கட்டினால் ஒரு கட்டுப்பாடு வரும், சேமிப்பு மாதிரி."
சேமிப்பில் ஒரு மாதம் தவறினால் யாரும் வீடு தேடி வருவதில்லை.

6. வருமானம் நிற்கும், தவணை நிற்காது

எமது மாவட்டங்களின் வருமானம் மாதச் சம்பளம் போல வருவதில்லை. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில். சிறுபோகம் நீர் இருந்தால். கடற்றொழில் காற்றைப் பொறுத்தது. விவசாயியிடமும் மீனவரிடமும் காசு புரளும்போதுதான் கடைக்காரரிடமும், அவருக்குப் பொருள் கொடுப்பவரிடமும் காசு புரளும். தவணையோ பன்னிரண்டு மாதமும் ஒரே திகதியில் வரும். 2018 இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்யத் தீர்மானிக்க வேண்டி வந்ததற்கும், கட்டும் நாளும் உழைக்கும் நாளும் பொருந்தாமற் போனது ஒரு காரணம்.

கடந்த சில ஆண்டுகளை மட்டும் நினைத்துப் பாருங்கள். 2020 இல் ஊரடங்கு. அப்போது தவணைகளுக்குச் சலுகைக் காலம் வழங்கப்பட்டது உண்மைதான். ஆனால் தள்ளிப்போடப்பட்ட தவணை மன்னிக்கப்பட்ட தவணை அல்ல. 2022 இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். வாகனம் ஓடவில்லை, தவணை ஓடியது. அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் வெள்ளமும் வீதிகளையும் பாலங்களையும் உடைத்தன. ஆறு ஆண்டுகளுக்குள் இத்தனை. ஐந்தாண்டு லீசிங் எடுக்கின்ற ஒருவர், இந்த ஐந்தாண்டில் ஒன்றும் நடவாது என்று நம்பிக் கையெழுத்து வைக்கிறார்.

தவணை பல மாதம் தவறி, வாகனம் திருப்பி எடுக்கப்பட்டால் அத்துடன் கணக்கு முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நிறுவனம் வாகனத்தை விற்று, நிலுவைக்கு அது போதாவிட்டால் மீதியை எம்மிடம் கேட்கும். பிணை நின்றவர்களிடமும் கேட்கும். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்தில், அதாவது நாம் கிறிப் என்று சொல்வதில், எமது பெயர் தவறியவராகப் பதியப்படும். பின்னர் ஆலைக்கு ஒரு நல்ல கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது அந்தப் பதிவு எமக்கு முன்னே போய் நிற்கும்.

பிணை நிற்பவர் யார்? பெரும்பாலும் சம்பளம் எடுக்கின்ற மாமா, ஆசிரியையான அக்கா, அல்லது பக்கத்து வீட்டு நண்பர். தவணை தவறினால் முதலில் உடைவது இந்த உறவுகள். காசுக் கணக்கில் இது வராது. ஆனால் ஒரு கிராமத்தில் இதைவிடப் பெரிய இழப்பு இல்லை.

7. எப்போது பொருந்தும்?

லீசிங் தீயதென்றோ, கார் கூடாதென்றோ நாம் சொல்லவில்லை. கார் தானே உழைக்கின்ற தொழில்கள் இருக்கின்றன. பாசிக்குடா, நிலாவெளி, அறுகம்குடாப் பக்கங்களில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுபவருக்கும், திருமண வைபவங்களுக்குக் கார் வாடகைக்கு விடுபவருக்கும் காரே கடை. அவர் கேட்க வேண்டியது, மாதத்தில் எத்தனை நாள் நிச்சயமாக ஓட்டம் கிடைக்கும், ஓட்டமில்லாத பருவத்தில் தவணை எங்கிருந்து வரும் என்பதையே.

பொருள் ஏற்றும் வாகனத்தின் நிலையும் வேறு. எமது எடுத்துக்காட்டிலுள்ள இளைஞர் 20 இலட்சம் ரூபாவுக்கு ஓடிய பட்டா ஒன்றை வாங்கினால் என்ன? வாடகை நாளுக்கு 6,000 ரூபா. சொந்த வாகனத்தில் எரிபொருளுக்கும் சாரதிக்கும் நாளுக்கு 3,500 ரூபா என வைத்தால், நாளுக்கு 2,500 ரூபா மிச்சம். காப்புறுதி, வரிப்பத்திரம், திருத்த வேலைக்கு மாதம் 12,000 ரூபா ஒதுக்குவோம்.

மாதம் 8 நாள் ஓடினால்: 20,000 - 12,000 = 8,000 ரூபா மிச்சம்.
மாதம் 20 நாள் ஓடினால்: 50,000 - 12,000 = 38,000 ரூபா மிச்சம்.

எட்டு நாளுக்கு 20 இலட்சத்தை முடக்குவதைவிட வாடகைக்குப் பிடிப்பதே மேல். இருபது நாள் ஓட்டம் வந்துவிட்டால் வாகனம் தன் விலையை ஏறத்தாழ நாலரை ஆண்டில் உழைத்துவிடும். ஆகவே, தேவையான வாகனத்தைக்கூட நாட்களை எண்ணிய பின்பே வாங்க வேண்டும்.

மத்திய வங்கியும் காலத்துக்குக் காலம் வாகனப் பெறுமதியில் எத்தனை வீதம் கடனாகக் கொடுக்கலாம் என்று எல்லை விதித்து வருகிறது. எடுத்துக்காட்டாக, 2017 இல் வர்த்தக வாகனங்களுக்கு 90 வீதமும், கார்களுக்கு 50 வீதமும், முச்சக்கர வண்டிகளுக்கு 25 வீதமும் என நிர்ணயித்தது. இவ்வீதங்கள் மாறுவன, எடுக்கின்ற நாளில் உள்ளதைக் கேட்டறிக.

8. படிப்படியாகச் செல்லும் வழி

முதலாவது, ஓராண்டுக்குப் பயணக் குறிப்பேடு ஒன்று வைத்திருங்கள். எந்த நாள், எங்கே, எதற்கு, எவ்வளவு செலவு, அந்தப் பயணத்தால் என்ன விற்பனை வந்தது என்று எழுதுங்கள்.

இரண்டாவது, தொழிலில் மூன்று மாதச் செலவுக்குரிய காசு வங்கியில் ஒதுக்கப்படும்வரை எந்த நீண்ட காலத் தவணைக்கும் போகாதீர்கள்.

மூன்றாவது, ஒத்திகை பாருங்கள். லீசிங் எடுப்பதற்கு முன் ஆறு மாதம், தவணையும் மற்றச் செலவும் சேர்ந்த 135,000 ரூபாவை மாதந்தோறும் ஒரு தனிக் கணக்கில் போடுங்கள். முடிந்தால், தாங்கும் என்று தெரியும். கையில் 810,000 ரூபாவும் சேர்ந்திருக்கும். மூன்றாம் மாதமே முடியாமற் போனால், ஐந்தாண்டுச் சிக்கல் ஒன்று தவிர்ந்தது.

நான்காவது, கையிலுள்ள பணத்தை முதலில் தொழிலை உழைக்கவைக்கும் இடத்தில் போடுங்கள். அறுவடைக் காலத்தில் நெல் வாங்கி வைப்பது, பொதி ஒட்டும் இயந்திரம், ஈரம் படாத களஞ்சியம் ஆகியவை விற்பனையைக் கூட்டும். அம்மாவின் நகை பெட்டியிலேயே இருக்கலாம்.

ஐந்தாவது, கடன் வேண்டுமாயின் ஊரிலுள்ள சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கம், கிராமிய வங்கி, அரச வங்கி ஆகியவற்றின் வட்டியையும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

9. கையெழுத்து வைக்கும் முன்

அந்த நிறுவனம் மத்திய வங்கியில் பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, விளங்கிய ஒருவரோடு இருந்து தமிழில் விளக்கம் கேட்டு வாசியுங்கள். வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையெழுத்து வைக்காதீர்கள். தாமதக் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டி முடித்தால் என்ன, வாகனத்தை எந்த நிலையில் திருப்பி எடுப்பார்கள், எடுக்கும் முன் எழுத்தில் அறிவிப்பார்களா என்ற நான்கையும் கேளுங்கள். கட்டுகின்ற ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பிணை நிற்பவருக்கும் முழுக் கணக்கையும் காட்டுங்கள். அவருக்கு மறைத்தால் அது அவருக்குச் செய்யும் அநீதி. தவணை கட்ட முடியாத நிலை வந்தால் ஒளித்திருக்க வேண்டாம். முதல் மாதமே நிறுவனத்துக்குச் சென்று, எழுத்தில் கொடுத்து, தவணையை மாற்றி அமைக்கக் கேளுங்கள். நிறுவனம் முறைகேடாக நடந்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம்.

முடிவுரை

விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள் எமது முன்னோர். புதிய தொழில் என்பது இன்னும் வேர் பிடிக்காத நாற்று. அதற்கு வேண்டியது நீரும் பசளையும். அதாவது கையில் காசும், நேரத்துக்குப் பொருளும், கடைக்காரரின் நம்பிக்கையும். விலையுயர்ந்த காரை லீசிங்கில் எடுப்பது, அந்தக் காரே உழைக்கின்ற தொழிலைத் தவிர, புதிதாகத் தொடங்கியவருக்குப் பொதுவாகப் பொருந்தாது. தொழில் வளர்ந்து, செலவெல்லாம் போக மிஞ்சுகின்ற காசில் ஒரு நாள் கார் வரட்டும். அன்று அது எவருடைய நகையையும் எவருடைய பிணையையும் கேட்காது.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் லீசிங்கில் எடுத்த வாகனத்தால் முன்னேறிய குடும்பங்கள் உண்டா? அவர்களுடைய வாகனம் என்ன வேலை செய்தது? பெயர் குறிப்பிடாது பேசுக.

2. உங்கள் தொழிலில் நூறு ரூபா விற்பனைக்கு எவ்வளவு மிஞ்சுகிறது? அப்படியாயின் 135,000 ரூபா மாதச் செலவை ஈடுசெய்ய எவ்வளவு விற்க வேண்டும்?

3. 300,000 ரூபாவுக்கு பிளாட் ரேட் 12 வீதப்படி மூன்றாண்டு லீசிங் எடுத்தால் மாதத் தவணை எவ்வளவு? கணக்கிட்டுப் பார்க்க. (விடை: ஏறத்தாழ 11,333 ரூபா.)

4. உறவினர் ஒருவர் பிணை நிற்கக் கேட்டால், அவரிடம் என்னென்ன கேள்விகள் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு? அதைக் கேட்கத் தயங்குவது ஏன்?

5. ஒரே வீதியால் பொருள் கொண்டுசெல்கின்ற நான்கைந்து சிறு உற்பத்தியாளர்கள் சேர்ந்து ஒரு வாகனத்தை வாடகைக்குப் பிடிக்கவோ வாங்கவோ முடியுமா? அதற்கு எத்தகைய ஒழுங்குகள் வேண்டும்?